தடுப்பதும் ஆட்டம்தான்!

"எங்கள் ரோபோவை நகரவிடாமல் மறித்துவிட்டார்கள், இது ஏமாற்று வேலை!" கல்லூரி ரோபோ போட்டிகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. சேக்காட்டிலும் ஆவடியிலும் எனக்குத் தெரிந்த மாணவர்களுக்கு விடுமுறை நாட்களில் புரோகிராம் எழுத உதவுகிறேன். அவர்களும் இதையே சொல்கிறார்கள். என் கருத்து வேறு. மறிப்பது தவறில்லை. எதை, எப்படி மறிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

ஆசிய-பசிபிக் ஒளிபரப்பு யூனியனின் ரோபோகான் போட்டியைப் பாருங்கள். 2021-ல் சீனா நடத்தியபோது, குடத்தில் அம்பு எறிய ஒரு ரோபோ, தடுக்க ஒரு ரோபோ என்று விதியிலேயே இருந்தது. 2022-ல் டெல்லியில் லகோரி ஆட்டம். கல் அடுக்கும் ரோபோவின் தலையில் ஒரு பந்து இருக்கும். எதிரணி பந்தெறிந்து அதைத் தட்டிவிட வேண்டும். குறி பந்துதான், எந்திரம் அல்ல.

அமெரிக்காவில் டீன் கேமன் 1989-ல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பின் ரோபோட்டிக்ஸ் போட்டிகளில் ரோபோக்கள் மோதிக்கொள்ளலாம். ஆனால் ஒரு ரோபோவை மூலையில் நெருக்கி வைத்தால் நடுவர் விநாடிகளை எண்ணுவார். சில விநாடிக்குள் விலகாவிட்டால் அபராதம். வேண்டுமென்றே உடைத்தாலும் அபராதம்தான்.

நம் பக்கத்துப் போட்டிகள் பலவற்றில் "சேதப்படுத்தக் கூடாது" என்ற ஒரே வரிதான் உண்டு. நான் பார்த்த ஒரு போட்டியில், எதிரணியின் பாதையில் நின்று மறித்த குழுவை நடுவர் முதலில் அனுமதித்தார். கூச்சல் எழுந்ததும் நீக்கிவிட்டார். கைக்காசு போட்டு மோட்டாரும் பேட்டரியும் வாங்கி, மூன்று மாதம் உழைத்த இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டு அவர்கள் பெயரே கொடுக்கவில்லை.

போட்டி நடத்துபவர்களே, எத்தனை விநாடி மறிக்கலாம், பிறகு எவ்வளவு தூரம் விலக வேண்டும், எந்தப் பகுதியைத் தொடக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஆட்டத்தின் நடுவில் மாற்றாதீர்கள்.

மாணவர்களே, மறிப்பார்கள் என்று எதிர்பார்த்தே ரோபோவைச் செய்யுங்கள். பேட்டரியைக் கீழே வையுங்கள், எளிதில் கவிழாது. ஒயர்களை இறுக்கிக் கட்டுங்கள். மோட்டாருக்கு மின்சாரம் போயும் சக்கரம் சுற்றவில்லை என்று என்கோடர் காட்டினால், பின்வாங்கி வேறு வழியில் போகும்படி புரோகிராம் எழுதுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்து டிரைவர் போர்டு கருகிவிடும்.

விதிக்கு உட்பட்டு மறிப்பவரிடம் தோற்றால் வருத்தம் இருக்கும், வன்மம் இருக்காது. அடுத்த ஆண்டும் களத்துக்கு வருவீர்கள்.