வாக்குத் தரும் நாள் எது?

தை பிறந்துவிட்டால் எம் வட்டாரத்துப் பள்ளி மைதானங்களுக்கு வெளியூர் விருந்தினர் வரத் தொடங்குகின்றனர். கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்கள், பயிற்றுநர்கள், சில வேளைகளில் அக்கல்லூரிகளில் பயிலும் மூத்த ஆட்டக்காரர்கள் எனப் பலரும் அவ்விருந்தினருள் அடங்குவர். கைப்பந்து வலையருகே உயர எழும்பி அடிக்கும் ஒரு பையனையோ, கபடிக் களத்தில் கால் நழுவாது நிற்கும் ஒரு பெண்ணையோ கண்டுகொண்டால், ஆட்டம் முடிந்த கையோடு பேச்சு தொடங்கிவிடும். "கட்டணம் கிடையாது, விடுதியும் சாப்பாடும் இலவசம், சரி என்று இப்போதே சொல்லிவிடு." பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச்சு மாதத்தில்தான் வருகிறது. ஆனால் அப்பிள்ளையின் அடுத்த மூன்றாண்டு வாழ்வு சனவரியிலேயே மைதானத்து வேப்பமரத்தடியில் முடிவாகிவிடுகிறது.

இந்த அவசரத்தைப் பற்றியே இம்மலரில் சில சொல்ல விழைகிறோம். விளையாட்டு உதவியைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. தேனியிலிருந்து கண்டமனூர், கடமலைக்குண்டு வழியாக மயிலாடும்பாறைக்குப் பேருந்தில் சென்றோர் அவ்வூரின் நிலையை அறிவர். வருசநாட்டு மலையில் பிறந்து வரும் வைகையின் கரையில், இலவமும் தென்னையும் நிற்கும் அச்சிற்றூர்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரி என்பது கட்டணம் மட்டுமன்று. நாள்தோறும் நெடும்பயணம், அல்லது விடுதிச் செலவு. அத்தகைய வீட்டில் "எல்லாம் இலவசம்" என்னும் சொல் மழை வந்த செய்தி போன்றது. அதனாற்றான் அச்சொல்லை எப்பொழுது ஏற்பது என்னும் வினா இத்துணைப் பெரிதாகின்றது.

உரிய வேளையில் ஏற்றால் அது என்ன செய்யும் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மயிலாடும்பாறையைக் கடந்து செல்லும் அதே வைகை சென்றடையும் மதுரையை அடுத்துள்ளது சக்கிமங்கலம். அவ்வூர் ரேவதி வீரமணி சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டவர். பள்ளிப் போட்டி ஒன்றில் வெறுங்காலுடன் ஓடிய அவரைப் பயிற்றுநர் கண்ணன் கண்டார். பாட்டி உடனே இசையவில்லை. பயிற்றுநர் வீடு தேடிச் சென்று எடுத்துரைத்த பின்னரே இசைந்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் தங்க விடுதியும் அவருடைய முயற்சியாற் கிட்டின. 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவிற்காக ஓடியவர் அந்தப் பெண். அந்தப் பாட்டியின் தயக்கத்தைச் சிலர் அறியாமை என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. அழைத்தவர் வீட்டுத் திண்ணைக்கு வந்து, கேட்ட வினாக்களுக்கு விடை சொல்லும்வரை இசைவைத் தள்ளிவைத்தது நல்ல தாய்மையே.

மற்றொரு பிள்ளையையும் நாம் அறிவோம். மயிலாடும்பாறைப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவன், கைப்பந்தாட்டத்தில் வல்லவன். தொலைவிலுள்ள ஒரு கல்லூரியின் சார்பில் வந்தவர் தேர்வுக்கு முன்பே வாக்கு வாங்கிக்கொண்டார். முடிவுகள் வந்த மறுநாளே மூலச் சான்றிதழ்கள் அனைத்தும் அக்கல்லூரிக்குச் சென்றுவிட்டன. முதலாண்டு இனிதே கழிந்தது. இரண்டாமாண்டின் தொடக்கத்தில் முழங்காலில் தசைநார் அறுந்தது. அணிப்பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. சில வாரங்களில் விடுதிக் கட்டணச் சீட்டு வந்தது. இலவசம் என்றது ஆடும்வரைதான் என்பதை அன்றுதான் அவ்வீடு அறிந்தது. வேறு கல்லூரிக்கு மாறலாமென்றாலோ சான்றிதழ்கள் அங்கே. நாம் சென்று பேசியபோது அவன் தாயார் கூறியது இன்னும் செவியில் ஒலிக்கின்றது: "சார் நல்லாத்தான் பேசுனாருய்யா. எழுதிக் கொடுங்கன்னு எப்பிடிக் கேக்குறது? மரியாதையா இருக்காதுல்ல?"

இந்தக் கூச்சந்தான் நம் மக்களை ஏமாறச் செய்கின்றது. எழுதிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று யார் சொன்னார்? திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் எதுவெனக் கேட்டால், அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் என்று எம் மாணவர் சொல்வர். அந்நெடிய வசனம் பேசுவது தவணைக் கடனை எழுதிவைத்தலைப் பற்றியும், அதற்குச் சாட்சிகள் வைத்தலைப் பற்றியுமே. ஒருவரை ஒருவர் நம்புகிற மக்களுக்கே அவ்வாறு பணிக்கப்பட்டுள்ளது என்பதைப் பெரியோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு கட்டளையிடுகின்றது. நிறைவேற்ற வேண்டியது இன்னதென்று இருதரப்பும் அறிந்திருந்தாலன்றோ நிறைவேற்ற இயலும்?

வள்ளுவர் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். காலமறிதல் மூன்றாவதாக நிற்பதை நோக்குக. செயலையும் தன் வலியையும் ஆராய்ந்த பின்னரே காலம் பேசப்படுகின்றது. நம் பிள்ளைகளுக்கோ காலம் முதலில் வந்துவிடுகின்றது. ஆராய்ச்சி பிற்பாடு, பல வேளைகளில் கண்ணீருடன்.

இத்தொல்லை எம் பள்ளத்தாக்கிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் சாஃப்ட்பால் எனும் மென்பந்தாட்டத்திற்குக் கல்லூரிகள் உதவித்தொகை தருகின்றன. முதல்நிலை அணி ஒன்றுக்கு நெடுங்காலம் 12 முழு உதவித்தொகைகளே வரம்பாக இருந்தன. அவற்றைப் பகுத்தே அணியினர் பலருக்கும் வழங்கினர். ஆகவே பலர் பெற்றது ஒரு பங்குதான். அந்தப் பங்கிற்காக எட்டாம், ஒன்பதாம் வகுப்புச் சிறுமியர்கூட வாய்மொழியாக வாக்குத் தந்துவந்தனர். அவ்வாக்கோ இருதரப்பையும் கட்டுப்படுத்தாது. பயிற்றுநர் வேறு கல்லூரிக்குச் சென்றால் வாக்கும் காற்றோடு போகும். அங்குள்ள தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2018-இல் இதற்கு ஓர் எல்லை வகுத்தது. பதினோராம் வகுப்பின் செப்டம்பர் முதல் நாளுக்கு முன்னர் அச்சிறுமியரிடம் சேர்க்கை பற்றிப் பேசலாகாது என்பதே அவ்விதி. செல்வம் மிகுந்த நாடே இவ்விதிக்கு வந்து சேர்ந்திருக்க, நாம் வேப்பமரத்தடிப் பேச்சையே நம்பிக் கொண்டிருக்கிறோம்.

எனின், நம் பிள்ளை எப்பொழுது சரியென்று சொல்வது? தேர்வு முடிவுகள் வெளிவருமுன் வாக்குத் தரலாகாது என்பது எம் துணிபு. மதிப்பெண் தெரியாதபோது எந்தப் பாடப்பிரிவு கிட்டும் என்பதும் தெரியாது. உதவியோடு கிடைக்கும் இடம் பிள்ளை விரும்பாத பாடத்தில் இருப்பின், அந்த மூன்றாண்டு ஆட்டத்திற்கும் பயனில்லை, படிப்பிற்கும் பயனில்லை. அரசு கலைக் கல்லூரிகளில் விளையாட்டு வீரருக்கான சிறப்பு ஒதுக்கீட்டுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்னரே நடைபெறுகின்றது. அவ்வழி திறந்திருப்பதைப் பல பெற்றோர் அறியார். மேலும், அரசுப் பள்ளிகளில் படித்த மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பட்டன. இவை அரசு தருபவை. "மாதம் ஆயிரம் வாங்கித் தருகிறோம்" என்று எந்தக் கல்லூரியேனும் இதைத் தன் கொடையாகக் கூறினால் புன்னகை செய்து அமைக.

முடிவுகள் வந்த பின் காலந்தாழ்த்துவதும் பிழையே. அணியில் ஒதுக்கப்படும் இடங்கள் சிலவே. விடுதி அறைகளும் அவ்வாறே. பத்து நாட்களுக்குள் கல்லூரியை நேரிற் சென்று காணல் வேண்டும். பெண்பிள்ளையாயின் தாயும் உடன் சென்று விடுதியைப் பார்த்து, வெளியூர்ப் போட்டிகளுக்கு உடன் செல்லும் பெண் ஆசிரியர் யார் எனக் கேட்டறிதல் நலம். மகளை ஆட அனுப்பத் தயங்கும் எம் சமுதாயப் பெற்றோரின் பெரும்பாலான ஐயங்கள் அந்த ஒரு பயணத்தில் நீங்குவதை நாம் கண்டிருக்கிறோம். அந்த அணியிலிருந்து சென்ற ஆண்டு எத்தனைபேர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாயினர் என்பதையும் கேட்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் ஆடியதற்கான சான்றே மத்திய அரசுப் பணிகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில் மூன்றாம் படிவமாக ஏற்கப்படுகின்றது. மாணவன் அந்த ஆடுகளத்தை எட்ட வழியில்லாத கல்லூரி, சோறு போட்டாலும் எதிர்காலம் போடாது.

இவையனைத்தையும் கண்ட பின், ஒரு தாளில் எழுதி வாங்கிய அன்றே வாக்குத் தரும் நாள். கட்டணத்தில் எவை நீங்கும், எத்தனை ஆண்டுக்கு, காயமுற்றால் உதவி தொடருமா, மருத்துவச் செலவு யாருடையது, பாடத்தில் தோற்றால் என்னாகும் என்பன அதில் இருக்க வேண்டும். காயம் பற்றிய வரியில்லாத தாள் எம் கருத்தில் தாளே அன்று. மூலச் சான்றிதழ்களைப் பற்றி ஐயமே வேண்டா. மதிப்பெண் பட்டியல், பள்ளி விடுப்புச் சான்று முதலிய மூலங்களைக் கல்லூரிகள் சரிபார்த்து உடனே திருப்பித் தருதல் வேண்டும், தம்மிடம் வைத்துக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டுள்ளது. சேர்க்கைக்கான கடைசி நாளுக்குப் பதினைந்து நாட்களுக்கு முன்னரே விலகுவோருக்குச் சிறுதொகை நீங்கலாகக் கட்டணம் முழுவதையும் திருப்பித் தரவேண்டும் என்பதும் அதிலுள்ளது.

கல்லூரிகளின் பக்கத்தையும் சொல்லாவிடில் நடுநிலை ஆகாது. வாக்குத் தந்து, அறையும் சீருடையும் ஒதுக்கப்பெற்ற பின், சென்னையிலிருந்து வேறோர் அழைப்பு வந்ததென்று இரவோடிரவாகப் போய்விடும் பிள்ளைகளும் உளர். அவ்விடத்திற்குக் காத்திருந்த மற்றோர் ஏழைப் பிள்ளை அதற்குள் வேறெங்கோ சேர்ந்திருப்பான். பன்னிருவர் அணியில் இருவர் இவ்வாறு சென்றால் அவ்வாண்டுப் போட்டியே பாழாகும். இப்பிழைக்கு வேரும் அதே அவசரந்தான். சனவரியில் நெருக்கி வாங்கிய வாக்கு சூனில் நழுவினால், வாங்கியவரும் தம்மைச் சிறிது நொந்துகொள்ள வேண்டும்.

எனவே நம் ஆட்சிக்குழுப் பெரியோரிடம் ஒரு விண்ணப்பம். விளையாட்டு உதவி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும், கேட்கும்வரை காத்திராமல், நம் கல்லூரியே முதலில் எழுத்தில் தருமாறு செய்தல் வேண்டும். பத்து நாள் அவகாசம் அத்தாளிலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். காயமுற்ற மாணவனுக்கு அவன் பட்டம் பெறும்வரை உதவி தொடரும் என்னும் வரிக்குச் செலவாகும் தொகை, ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவரின் விடுதிக் கட்டணமே. அத்தாள் எளிய தமிழில், மயிலாடும்பாறைத் தாயார் ஒருவர் பிறர் துணையின்றிப் படித்தறியும் வகையில் இருத்தல் நன்று. அவ்வாறான மாதிரி ஒன்றை எம் துறையின் இரண்டாமாண்டு மாணவர்கள் ஒரு பக்க அளவில் எழுதி உடற்கல்வி இயக்குநரிடம் அளித்துள்ளனர். காயம் பற்றிய வரி அதில் மூன்றாவதாக உள்ளது.