சுவரில் தொங்கும் சிவப்புக் கலன் வேலை செய்யுமா?

ஆடி பிறந்தால் தோட்டக் கோயில்களில் வேலை குவிந்துவிடும். கூடாரம், தோரண விளக்கு, ஜெனரேட்டர், அன்னதானச் சமையலுக்கு நான்கைந்து கேஸ் சிலிண்டர் என ஒவ்வொன்றையும் பார்த்துக்கொள்ள நிர்வாகம் ஓர் ஆளை நியமிக்கும். மடப்பள்ளிச் சுவரில் தொங்கும் தீயணைப்புக் கலனுக்கு மட்டும் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. கடந்த ஆயுத பூஜையில் வைத்த சந்தனப் பொட்டு அதில் இன்னும் அழியாமல் இருந்தால், அதன்பின் யாரும் அதைத் தொடவில்லை என்று பொருள்.

2016 அக்டோபர் 25ஆம் நாள் ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏற்பட்ட தீயில் 6 நோயாளிகள் இறந்தனர். மறு ஆண்டு செப்டம்பர் 14 அதிகாலையில் கோலாலம்பூர் டத்தோ கிராமாட் பகுதியில் தஃபிஸ் பள்ளி எரிந்து 21 மாணவர்கள் உட்பட 23 பேர் மாண்டனர். இத்தகைய துயரத்துக்குப் பிறகெல்லாம் கருவிகள் வாங்குவது பற்றிப் பேசுகிறோம். வாங்கிய கருவி பத்து மாதம் கழித்து எந்த நிலையில் இருக்கிறது என்று பேசுவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1988ஆம் ஆண்டு தீயணைப்புச் சேவைகள் சட்டத்தின்படி, குறிப்பிட்ட வகைக் கட்டடங்கள் தீயணைப்புச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆனால் சோதனை நடக்கும் நாள் போக, மற்ற நாள்களில் கருவியைக் காப்பது அங்கே இருப்பவர்களின் வேலை. மலிவுவிலை அடுக்குமாடிகளில் இது இன்னும் சிக்கல். தீயணைப்புக் குழாயின் பித்தளை முனையைத் திருடிப் பழைய இரும்புக் கடையில் விற்றுவிடுகிறார்கள். பராமரிப்புக் கட்டணம் பலர் கட்டாததால் புதிது வாங்கப் பணம் இல்லை. லிஃப்ட் நின்றால் அன்று மாலையே கூட்டம் கூடிச் சத்தம் போடுவார்கள். குழாய்ப் பெட்டி காலியாகக் கிடந்தால் தீப்பிடிக்கும் வரை யாருக்கும் தெரியாது.

கலனைச் சரிபார்க்க நிபுணர் தேவையில்லை. தூள் கலனின் அழுத்தமானியில் முள் பச்சையில் நிற்க வேண்டும். ஊசியும் முத்திரையும் துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும். குழாய் முனையைக் கட்டாயம் எட்டிப் பார்க்க வேண்டும். தோட்டப் பக்கங்களில் குளவி அதற்குள் மண்கூடு கட்டிவிடும். கரியமில வாயுக் கலனில் அழுத்தமானியே கிடையாது, எடை போட்டுத்தான் அறிய முடியும். ஒட்டுவில்லையில் உள்ள காலாவதித் தேதியையும் பார்த்துவிட்டால் மாதம் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை இது.

கடினமானது பயிற்சிதான். 9 கிலோ தூள் கலன்கூட அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். வீட்டில் வைக்கும் சிறியது அதற்கும் முன்பே. ஊசியை எப்படிப் பிடுங்குவது என்று தடுமாறவோ, சுடர் நுனியில் அடித்து வீணாக்கவோ நேரம் இல்லை. தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்து, பக்கவாட்டில் வீசி அடிக்க வேண்டும். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியென்றால் இன்னும் கவனம்: தண்ணீர் ஊற்றவே கூடாது, கிட்ட நின்று தூளைப் பாய்ச்சினாலும் எண்ணெய் சிதறும். கை எட்டினால் கேஸை மூடிவிட்டு, தட்டையோ தீப்போர்வையையோ போட்டு மூடுவதே முதல் வழி.

பயிற்சிக்குக் காசு இல்லை என்ற சாக்கும் முழுக்க உண்மையல்ல. காலாவதியான கலன்களை எப்படியும் மாற்றவோ மறுபடி நிரப்பவோ அனுப்புகிறோம். அப்படியே ஒப்படைக்காமல், அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தை அழைத்து, அவர்கள் மேற்பார்வையில் திடலில் வைத்து அடித்துப் பார்க்கலாம். அந்த வரிசையில் நிற்க வேண்டியவர்கள் மேடையில் மாலை வாங்கும் தலைவர்கள் அல்லர். மடப்பள்ளியில் நிற்கும் அக்காமார்கள், குருக்கள், இரவுக் காவலாளி, தமிழ்ப்பள்ளியின் சிற்றுண்டிச்சாலைப் பணியாளர் ஆகியோரே.

வீடுகளில் இன்னொரு கருவியும் உண்டு, பூட்டுச்சாவி. டத்தோ கிராமாட்டில் வாசலைத் தீ அடைத்தது, ஜன்னலை இரும்புக் கம்பி அடைத்தது. திருட்டுக்குப் பயந்து நம் தாமான் வீடுகளிலும் கிரில் போட்டு இரண்டு பூட்டு மாட்டுகிறோம். சாவி அப்பாவின் கைப்பையிலோ சாமி மேடை டப்பாவிலோ இருக்கும். இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, பாட்டியோ பத்து வயதுப் பிள்ளையோ அந்தப் பூட்டைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கலாம்.