பிள்ளைகள் நிரபராதி என்றால் பெற்றோர் குற்றவாளிகளா?

தாயின் இடுப்பில் உட்கார்ந்து எல்லை தாண்டிய குழந்தைக்கு விசாவைப் பற்றி என்ன தெரியும்? மெக்சிகோவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் பெற்றோரோடு அமெரிக்கா சென்று, அங்கேயே வளர்ந்து, கையில் காகிதம் இல்லாமல் நிற்கும் லட்சக்கணக்கான இளைஞர்களின் கதை இதுதான்.

இவர்களுக்கும் பள்ளிக்கூடக் கதவை அடைக்கக்கூடாது என்று 1982இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்லது. ஆனால் பள்ளிப் படிப்பு முடிந்தபின்? வேலை செய்ய அனுமதி இல்லை. கல்லூரிக்கு மத்திய அரசின் உதவிப்பணம் இல்லை. என்றைக்கு வேண்டுமானாலும் நாடு கடத்தலாம். இவர்களுக்கு வழி காட்ட 2001இல் இரு கட்சி செனட்டர்களும் சேர்ந்து 'டிரீம்' மசோதாவைக் கொண்டுவந்தார்கள்; பிறகு ஆண்டுக்கணக்கில் ஊறப்போட்டார்கள்.

2010இல் இளைஞர்கள் பொறுமை இழந்தார்கள். புத்தாண்டு அன்று நான்கு மாணவர்கள் மயாமியிலிருந்து வாஷிங்டனுக்கு நடக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 1,500 மைல்! மார்ச்சில் சிகாகோ வீதியில் மேடையேறித் தம் பெயரைச் சொல்லி, காகிதமும் இல்லை, பயமும் இல்லை என்று அறிவித்தார்கள். மே மாதம் டூசானில் செனட்டர் மெக்கெய்ன் அலுவலகத்தில் உட்கார்ந்து கைதானார்கள். போலீஸைக் கண்டால் ஒளிந்துகொள் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் தோழர்களே, இவர்கள்.

அந்த டிசம்பரில் மசோதா கீழ்ச்சபையில் 216க்கு 198 என்று நிறைவேறியது. செனட்டில் ஆதரவு 55, எதிர்ப்பு 41. அப்படியும் தோல்விதான்! ஓட்டெடுப்புக்கு வரவே 60 பேர் வேண்டுமாம். இதுவும் ஒரு ஜனநாயகம்.

2012 ஜூனில் ஒபாமாவின் தேர்தல் அலுவலகத்துக்கே போய் மறியல் செய்தார்கள். அந்த மாதம் 15ஆம் தேதி 'டாகா' உத்தரவு வந்தது. இரண்டாண்டுக்கு நாடு கடத்தமாட்டோம், வேலை செய்யலாம், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயனடைந்தார்கள். குடியுரிமை மட்டும் இல்லை. 2017இல் டிரம்ப் அரசு இதையும் ரத்து செய்வதாக அறிவித்தது. 2020இல் உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தடுத்தது. அதுவும் ரத்து செய்த முறை தவறு என்றதே தவிர, இளைஞர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லவில்லை.

ஆதரித்துப் பேசிய தலைவர்கள் ஓயாமல் சொன்ன ஒரு வாக்கியம் உண்டு: 'இந்தப் பிள்ளைகள் தங்கள் தவறால் வரவில்லை.' கேட்க இனிமைதான். அப்படியானால் தவறு யாருடையது? தோட்டத்தில் பழம் பறித்த அப்பனுடையதா, பிறர் வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாவுடையதா? இந்தப் பசப்பை முதலில் மறுத்தவர்களில் அந்த இளைஞர்களே இருந்தார்கள் என்பதுதான் எனக்கு அவர்கள்மீது மதிப்பை உண்டாக்கியது.

நாம் பிழைக்க வந்தது நம் நாட்டுக்குள்ளேயே. எங்கும் வசிக்க அரசியல் சட்டம் நமக்கு உரிமை தருகிறது. நம் கஷ்டமும் அவர்கள் கஷ்டமும் ஒன்றல்ல. ஆனாலும் ரேஷன் கார்டுக்காகப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதிகாரிமுன் கைகட்டி நின்றவருக்கு அந்த அப்பனின் முகம் தெரியும்.

2014 நவம்பரில் பெற்றோருக்கும் ஓர் உத்தரவு போட்டார் ஒபாமா. அது அங்கே குடியுரிமையோ நிரந்தர வாச உரிமையோ பெற்ற பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டும். டாகா பிள்ளையை மட்டும் பெற்றவர்களுக்கு அதிலும் இடமில்லை. அந்த அரைகுறை உத்தரவும் டெக்சாஸ் நீதிமன்றத்தில் தடைபட்டு, 2016 ஜூனில் உச்சநீதிமன்றம் 4க்கு 4 எனப் பிரிந்ததால் நடைமுறைக்கு வராமலே போயிற்று.