இரண்டாவது கையொப்பம்



எங்கள் பங்கில் விடியலை அறிவிப்பவை சேவல்கள் அல்ல, தொழிற்சாலைப் பேருந்துகள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, கைப்பேசி என்று செய்யப்படாத பொருள் குறைவு. காலைத் திருப்பலிக்கு மணியடிக்கும் வேளையில், இரவு ஷிப்டு முடித்து வருகிறவர்களும் காலை ஷிப்டுக்குப் போகிறவர்களும் கோயில் வாசலில் ஒருவரையொருவர் கடந்து செல்வார்கள். முன்னவர்கள் என் மறையுரையின்போது உறங்குவார்கள். பின்னவர்கள் மறையுரைக்கு முன்பே புறப்பட்டுவிடுவார்கள். ஆகவே என் மறையுரையில் குறை கண்டவர் இதுவரை எவருமில்லை.

இத்தனை பொறிகளுக்கு நடுவே வாழும் நான், என் சொந்தப் பொறி ஒன்றைப் பேணத் தவறிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் உண்டு. அதன் கிளட்ச் ஒயர் நரம்பு நரம்பாகப் பிரிந்துவருவதை இரண்டு மாதங்களாகக் கண்டிருந்தேன். ‘அடுத்த வாரம் மாற்றலாம்’ என்று ஒவ்வொரு வாரமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாற்றாமலேயே வண்டி ஓடியது. ஓடிய ஒவ்வொரு நாளும் என் சோம்பலுக்குக் கிடைத்த நற்சான்று போலாயிற்று. ஒருநாள் பிற்பகல், கிளைக் கிராமம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. எண்பது வயதைக் கடந்த தாயார் ஒருவர் இறுதி நிலையில் இருந்தார். அர்ச்சிக்கப்பட்ட எண்ணெயையும் நற்கருணையையும் எடுத்துக்கொண்டு சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் விரைந்தேன். ஒரகடம் சந்திப்பைத் தாண்டியதும் ஒயர் அறுந்தது. வண்டியை ஓரத்தில் விட்டு, வழியில் வந்த லாரி ஒன்றை நிறுத்தி ஏறி, நான் போய்ச் சேர்ந்தபோது அத்தாயார் கண்மூடிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

மூத்த மகன் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, “வண்டி மக்கர் பண்ணிவிட்டதா சாமி?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் சிறிதும் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இறைவனின் இரக்கம் என் கிளட்ச் ஒயரில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதியாக நம்புகிறேன். ஆயினும் அத்தாயாருக்கு நான் கடன்பட்டிருந்த அந்தக் கால் மணி நேரத்தை இனி எப்படித் திருப்பித் தருவேன்?

மறுநாள், கோயில் வளாகத்தில் தள்ளி வந்து நிறுத்தியிருந்த வண்டியருகே “தோத்திரம் சாமி” என்று ஓர் இளைஞன் வந்து நின்றான். ஒரு காலத்தில் இக்கோயிலில் பீடச் சிறுவனாக இருந்தவன். தந்தை ஒரகடம் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். பிள்ளை விமானப் பராமரிப்புப் பொறியியல் படித்து, வெளிமாநிலம் ஒன்றில் பயிற்சிக்குப் பயன்படும் சிறு விமானங்களைப் பேணும் வேலையில் சேர்ந்திருந்தான். அக்குடும்பத்தாரின் இசைவோடுதான் இதை எழுதுகிறேன்.

அறுந்த ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்தவன், “இந்த வண்டிக்குப் பதிவேடு வைத்திருக்கிறீர்களா சாமி?” என்றான்.

“திருமுழுக்குப் பதிவேடு, திருமணப் பதிவேடு, இறப்புப் பதிவேடு மூன்றும் இருக்கின்றன. வண்டிக்குத்தான் இல்லை” என்றேன்.

“விமானத்துக்கு அந்த மூன்றும் ஒரே புத்தகத்தில் இருக்கும் சாமி” என்று சிரித்தான். பிறந்த நாள், மாற்றிய உறுப்புகள், பறந்த மணிகள், பட்ட அடிகள் யாவும் அதில் எழுதப்பட்டிருக்குமாம்.

அன்று மாலை வரை அவன் சொன்னவற்றை வியப்போடு கேட்டேன். சிறு விமானம் என்பது இரண்டு அல்லது நான்கு பேர் அமரக்கூடியது. முன்புறம் பெரும்பாலும் ஒரே எஞ்சின், ஒரே விசிறி. அந்த எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் உண்டு. அவற்றுக்கு மின்பொறி தரும் கருவிகளும் தனித்தனியே இரண்டு. ஒன்று கைவிட்டால் மற்றொன்று காக்கும். விமானி பறக்குமுன் ஒன்றை அணைத்து மற்றதையும், மற்றதை அணைத்து முன்னதையும் சோதித்த பின்னரே ஓடுபாதையில் விரைவார். ஆண்டவர் தம் சீடரை இருவர் இருவராக அனுப்பியதன் பொருள் விமானத் தொழிலாளருக்கு நன்கு விளங்கும் போலும்!

ஐம்பது மணி பறந்தால் ஒரு சோதனை, நூறு மணி பறந்தால் அதனினும் பெரிய சோதனை. ‘உனக்கு உடம்புக்கு என்ன?’ என்று விமானத்தை எவரும் கேட்பதில்லை. நோயில்லாதபோதே மருத்துவம் நடக்கிறது. ஒவ்வொரு நாளும் முதற்பயணத்துக்கு முன் எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குழலில் வடித்து ஒளியில் பிடித்துப் பார்க்க வேண்டும். இன்று பெரிதும் வழங்கும் விமானப் பெட்ரோலுக்கு நீலச்சாயம் ஊட்டியிருப்பார்கள். இரவுக் குளிரில் தொட்டிக்குள் நீர் படிந்திருந்தால், அது நிறமற்ற துளியாக அடியில் தங்கி நிற்கும். அந்தத் துளி நடுவானில் எஞ்சினை நிறுத்திவிட வல்லது. விளக்கோடு எண்ணெயும் கொண்டுபோன ஐந்து கன்னியரின் நினைவு எனக்கு வந்தது. எண்ணெய் இருந்தால் மட்டும் போதாது, அது எண்ணெய்தானா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிராணிகளின் தொல்லை வேறு. நிறுத்தி வைத்த விமானத்தின் எஞ்சின் மூடிக்குள் குருவி கூடு கட்டும். குளவியோ, வேகத்தை அளக்கும் சிறு குழாயைத் தேடிப்பிடித்து அதற்குள் மண் பூசும். வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று நம் பாட்டிமார் மகிழ்வார்கள். விமானத்தில் கட்டினால் நேர்வது வேறு. 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசின் கடலோரத்தில் ஒரு பெரிய பயணிகள் விமானம் விழுந்து 189 பேர் மாண்டனர். சில நாள் மூடப்படாமல் நின்ற விமானத்தின் வேகக்குழாய் ஒன்று அடைபட்டிருந்தது. குளவிக்கூடே அதற்குக் காரணமாயிருக்கலாம் என்று விசாரணையாளர் கருதினர். மூட மறந்த ஒரு சிறு குழாயும் ஒரு பிடி மண்ணும் இத்தனை துயரத்துக்குப் போதுமாயிருந்தன.

இக்கலை நம் மண்ணுக்குப் புதியதன்று. 1909-ஆம் ஆண்டில் பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். மறு ஆண்டிலேயே, சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜாக்கமோ டி ஆஞ்சலிஸ் என்பவர், சிம்சன் நிறுவனத்தார் உருவாக்கித் தந்த விமானத்தில் நமக்கு அண்மையிலுள்ள பல்லாவரத்தில் பறந்து காட்டினார். பெயரிலேயே வானதூதரைச் சுமந்தவர் அவர். 1932 அக்டோபரில் ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த அஞ்சல், அங்கிருந்து நெவில் வின்சென்ட் ஓட்டிய சிறு விமானத்தில் பெல்லாரி வழியாகச் சென்னை வந்து சேர்ந்தது.

1958-இல் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை ‘புஷ்பக்’ என்ற சிறு விமானத்தை முதன்முறையாகப் பறக்கவிட்டது. நம் நாட்டுப் பறத்தல் கழகங்களில் பலர் அதில்தான் பயின்றனர். இராமாயணத்துப் புஷ்பக விமானத்தில் எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஓர் இடம் மீதியிருக்கும் என்பார்கள். பெங்களூர்ப் புஷ்பக்கிலோ இரண்டே இடம். மூன்றாமவர் தரையில் நின்று கையசைக்க வேண்டியதுதான். சட்டத்தின்மேல் துணி போர்த்தி மெழுகுபோன்ற பூச்சுப் பூசிய விமானம் அது. துணி போர்த்திய விமானங்களைப் பேணுகிறவருக்குத் திருகுச்சாவி பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, ஊசியும் நூலும் பிடிக்கத் தெரிய வேண்டும்.

ரைட் சகோதரர்களின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அறிவார்கள். அவர்களின் முதல் விமானத்துக்கு ஆறே வாரங்களில் 12 குதிரைத்திறன் எஞ்சினைச் செய்து கொடுத்த சார்லி டெய்லரை எத்தனை பேர் அறிவர்? 1903 டிசம்பர் 17 அன்று அந்த விமானம் நான்கு முறை பறந்தது. நான்காவது முறை முடிந்து தரையில் நின்றபோது காற்று அதைப் புரட்டிப்போட்டு நொறுக்கிவிட்டது. பறத்தல் பிறந்த அன்றே பழுதுபார்க்கும் வேலையும் பிறந்துவிட்டது! டெய்லர் 1956-இல், பெரிய செல்வம் எதுவுமின்றி மறைந்தார்.

இவ்வளவும் கேட்ட பின், “தம்பி, விடுமுறை எத்தனை நாள்?” என்று கேட்டேன். அவன் முகம் வாடியது. “விடுமுறை இல்லை சாமி, வேலை போய்விட்டது” என்றான்.

நடந்தது இதுதான். விமானத்தைத் திருப்பும், ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டு உறுப்புகளில் எவராவது கைவைத்தால், அவர் கையொப்பம் மட்டும் போதாது. அந்த வேலையைச் செய்யாத, தகுதியுள்ள வேறொருவர் தனியாகச் சோதித்து இரண்டாவது கையொப்பம் இட வேண்டும். ஒருநாள் மாலை, வாற்பகுதியை இயக்கும் கம்பிவடத்தை மூத்தவர் ஒருவர் மாற்றினார். மூடியையும் திருகி மூடிவிட்டார். “இருபது ஆண்டாக இந்த வேலை செய்கிறேன். விடிந்தால் மாணவன் தனியாகப் பறக்க வேண்டும். கையெழுத்தைப் போடு” என்றார். “திறந்து காட்டுங்கள் ஐயா, பார்த்துவிட்டுப் போடுகிறேன்” என்றான் இவன். வாக்குவாதத்துக்குப் பின் மறுநாள் காலையில் மூடியைத் திறந்தார்கள். வடம் சரியாக இருந்தது. எல்லாத் திருகுகளும் இறுகியிருந்தன. ஒரு பிழையும் இல்லை. பயிற்சிப் பறத்தல் அரைநாள் தடைப்பட்டதே மிச்சம். அதன்பின் சக பணியாளர் இவனைப் பார்த்து நகைத்தனர். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அதைப் புதுப்பிக்கவில்லை.

அன்றிரவு அவன் தந்தை என்னைத் தேடி வந்தார். “கடன் வாங்கிப் படிக்கவைத்தேன் சாமி. திறந்து பார்த்ததில் பழுது இருந்திருந்தாலாவது என் மகன் ஓர் உயிரைக் காப்பாற்றினான் என்று ஆறுதல் கொள்வேன். ஒன்றும் இல்லையே! பிறகு இவன் சாதித்தது என்ன?” என்றார்.

எனக்கு உடனே மறுமொழி தோன்றவில்லை. மேசைமேல் அறுந்த ஒயர் கிடந்தது. அதை அவரிடம் காட்டி, “இரண்டு மாதம் நான் இதைக் கவனிக்கவில்லை. அத்தனை நாளும் ஒன்றும் நேரவில்லை. அதனால் நான் செய்தது சரியென்று ஆகுமா? உம் மகன் திறந்து பார்த்தான், ஒன்றும் இல்லை. அதனால் அவன் செய்தது தவறென்று ஆகுமா?” என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “எங்கள் வரிசையில் பழுது கண்டால் இழுப்பதற்கு ஒரு கயிறு உண்டு சாமி. இழுத்தால் வேலை நின்றுவிடும். ஒருமுறை ஐயப்பட்டு இழுத்தேன். பார்த்தால் ஒன்றுமில்லை. அன்று நிறையத் திட்டு வாங்கினேன்” என்றார். சிறிது நேரம் கழித்து, “மறுபடியும் ஐயம் வந்தால் இழுக்கத்தான் செய்வேன்” என்று சொல்லி எழுந்தார். மகனோடு பேசத்தான் போகிறார் என்று எனக்குப் புரிந்தது.

அன்பர்களே, தன் வேலையைத் தானே சரியென்று சொல்லிக்கொள்ள விமானத் தொழிலாளிக்கு உரிமை இல்லை. நமக்கு மட்டும் உண்டோ? ‘நான் யாருக்கும் தீங்கு செய்யவில்லை, எனக்கு எதற்குப் பாவசங்கீர்த்தனம்?’ என்பவர்கள் இப்போது பெருகிவருகிறார்கள். மூடியைத் திருகி மூடிவிட்டுக் கையொப்பம் கேட்பவர்கள் அவர்கள். மனச்சான்றைத் திறந்து வேறொருவர் முன் வைக்கச் சொல்கிறது திருச்சபை. திறந்து பார்த்துப் பெரும்பழுது எதுவும் இல்லையென்றால் நேரம் வீணாயிற்று என்று எண்ண வேண்டாம். பழுது பெருகுமுன் பார்க்கத்தான் அந்த நேரம். குருக்களாகிய எங்களுக்கும் இதே விதிதான். நானும் என் சகோதரக் குரு ஒருவர் முன் மண்டியிட்டு, அந்தக் கால் மணி நேரத்தைச் சொல்லி மன்னிப்புப் பெற்றேன்.

வீட்டுக் காரியங்களையும் மறக்க வேண்டாம். சமையலறை எரிவாயுக் குழாயில் பொறித்திருக்கும் ஆண்டைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பிள்ளைகள் போகும் வண்டியின் பிரேக்கை யார் பார்த்தார்கள்? ‘நேற்று வரை ஒன்றும் ஆகவில்லை’ என்பது ஒரு பதில் ஆகாது.

வானூர்தி செலுத்துவோருக்கு லொரேட்டோ அன்னையைப் பாதுகாவலியாக 1920-இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அறிவித்தார். 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ், டிசம்பர் 10-ஆம் நாளை அவ்வன்னையின் நினைவாகத் திருச்சபையின் பொது நாட்காட்டியில் சேர்த்தார். கூப்பர்ட்டினோ நகர்ப் புனித சூசையப்பரையும் விமானிகள் வேண்டிக்கொள்வதுண்டு. அவர் எஞ்சினே இல்லாமல் தரையிலிருந்து எழும்பியவர் என்பார்கள். ஆகவே அவருக்குப் பராமரிப்புச் செலவு இருந்திருக்காது. தரையில் எண்ணெய்க் கறையோடு நிற்பவர்களுக்கோ நாசரேத்துத் தச்சராகிய புனித சூசையப்பர் இருக்கிறார். அவர் செய்து கொடுத்த நுகத்தடி ஒன்றையாவது அவரே இரண்டாம் முறை தடவிப் பார்க்காமல் அனுப்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதை எழுதும் இந்நாளில் அந்த இளைஞனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. நேர்முகத் தேர்வு ஒன்றுக்குப் போயிருக்கிறான். அவனுக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.

போகுமுன் என் வண்டிக்குப் புதிய ஒயர் மாட்டி, ஒரு பதிவேடும் திறந்து, முதற் கையொப்பத்தை இட்டுவிட்டுப் போனான். இரண்டாவது கையொப்பத்துக்கு எங்கள் உபதேசியாரை நியமித்திருக்கிறான். பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். பின்சக்கரத்தை அழுத்திப் பார்த்தார். “காற்றுக் குறைவு சாமி” என்று சொல்லிப் பதிவேட்டை மூடிவிட்டார். அன்று நடந்தே போனேன்.