குரலுக்கு ஒரு பதிவேடு

சித்திரம் எழுதியவன் மறைந்தாலும் சித்திரம் இருக்கும்; செய்யுள் செய்தவன் மறைந்தாலும் ஏடு இருக்கும்; பாடியவன் மறைந்துவிட்டாலோ கேட்டவர்களுடைய ஞாபகத்தில் தவிர அவனுடைய சாரீரத்துக்கு வேறு இருப்பிடம் கிடையாது என்ற நிலைமை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரையில் உலகமெங்கும் ஒரேவிதமாகவே இருந்துவந்தது. அதை மாற்றிய கிராமபோன் யந்திரம் தொடக்கத்திலேயே நாடிச் சென்றவர்களுள் முக்கியமானவர்கள், ஒபெரா என்று மேனாட்டார் வழங்கும் இசைநாடக மேடையின் பாடகர்கள். அவர்களுக்கு அது செய்த உபகாரத்தையும், நம் வன்னி மேடைக்கு அது செய்யாமற் போனதையும் ஒருங்கே வைத்து யோசிக்கும்போது, ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவி கிடக்கின்ற இந்தக் காலத்திலும் நம்முடைய கூத்தர்களின் குரல்கள் ஏன் அவர்களோடேயே அழிந்துபோகின்றன என்ற கேள்வி எழுகின்றது. ஒலியைப் பதிகிறோம், பதிந்ததைக் கணக்கில் எழுதுவதில்லை. என் அபிப்பிராயத்தில் நோயின் மூலம் இதுவே.

1902 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பிரெட் கைஸ்பெர்க் என்ற அமெரிக்கர் கிராமபோன் கம்பெனியின் யந்திரத்தோடு இத்தாலியிலுள்ள மிலான் நகரத்தில் ஒரு ஹோட்டலில் இறங்கி, அப்போதுதான் பேர் எடுத்துக்கொண்டிருந்த என்றிக்கோ கரூசோ என்ற இளம் பாடகரைக்கொண்டு பத்துப் பாடல்களை நூறு பவுண் கூலிக்குப் பாடுவித்தார். அதே வருஷத்தில் அக்கம்பெனியார், பிள்ளைப் பருவத்திலேயே அறுவை செய்து ஆண்குரல் உடையாதபடி காக்கப்பட்ட பழைய கோயிற் பாடகர் பரம்பரையின் கடைசி மனிதர்களுள் ஒருவரான மொறெஸ்கியை ரோமாபுரியிலே பதிவு செய்தார்கள். 1905 இல், அறுபது வயதைக் கடந்துவிட்ட அடெலினா பட்டி அம்மையாரை வேல்ஸ் தேசத்திலிருந்த அவருடைய மாளிகைக்கே தேடிச் சென்று பாடவைத்தார்கள். ஒருவர் எழுச்சியில், ஒருவர் ஒரு மரபின் முடிவில், ஒருவர் முதுமையில். மூவருடைய குரலும் இன்றுவரை கேட்கின்றன.

அந்தப் பதிவு நடந்த முறையைக் கிட்ட நின்று பார்த்தால், இன்று நாம் அநுபவிக்கும் சௌகரியத்தின் அளவு விளங்கும். பதிவுக்கு ஒலிவாங்கி என்ற பொருளே கிடையாது. 1925 வாக்கிலேதான் மின்சாரப் பதிவு வழக்கத்துக்கு வந்தது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தகரக் குழலின் வாயருகே முகத்தை வைத்துப் பாடகர் பாட, அந்த ஒலியின் அதிர்ச்சி குழலின் மறுமுனையிலுள்ள மெல்லிய தகட்டை ஆட்ட, தகட்டோடு பொருந்திய ஊசி சுழலுகின்ற மெழுகுத் தட்டிலே கோடு கீறிக்கொண்டு போகும். மேல்ஸ்தாயியில் முழுக்குரல் எடுக்கும்போது ஊசி தாறுமாறாகத் துள்ளாதபடி பாடகர் பின்னுக்கு நகரவேண்டும், தாழ்ந்த குரலுக்கு மறுபடியும் குழலை நெருங்கவேண்டும். வயலினின் மெல்லிய ஒலி எட்டாதென்பதற்காக அதற்கும் ஒரு குழல் பொருத்திய விசேஷ வாத்தியம் செய்தார்கள். மூன்று, நான்கு நிமிஷங்களுக்குமேல் தட்டில் இடமில்லை. பிழைத்தால் அந்த மெழுகு பயன்படாது, முதலிலிருந்து பாடவேண்டும்.

அதே கைஸ்பெர்க் 1902 நவம்பர் மாதத்தில் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகியைப் பதிவு செய்தார். அந்த அம்மையார் பாட்டு முடிந்ததும் தம்முடைய பெயரை ஆங்கிலத்திலே உரக்கச் சொல்லுவதை அந்தத் தட்டுகளில் இன்றும் கேட்கலாம். மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகரத்துக்குப் போய் அங்கேதான் விற்பனைத் தட்டுகளாக அச்சாகவேண்டியிருந்தபடியால், பாஷை தெரியாத தொழிலாளர் இன்னாருடைய பாட்டு இதுவென்று அறிந்துகொள்வதற்காக அப்படிச் சொல்லுவித்தார்கள் என்பர். இது போதாதென்று ஒவ்வொரு தட்டிலும், நடுவே ஒட்டிய சீட்டுக்கும் ஒலிக்கோடுகளுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டது. அந்த இலக்கம் கம்பெனிப் பேரேட்டிலும் ஏறியது. நூற்றிருபது வருஷங்களுக்குப் பின்னும் எந்தத் தட்டு எந்த ஊரில், எந்தப் பயணத்தில் பதிவானது என்று ஆராய்ச்சிக்காரர் சொல்ல முடிகிறதென்றால், அதற்குக் காரணம் அந்த இலக்கந்தான். வியாபாரிகள் தங்களுடைய கொள்முதற் கணக்குக்காக எழுதிவைத்தது பிற்காலத்தாருக்குச் சரித்திர ஆதாரமாயிற்று.

தமிழ் மேடைக்கும் இந்த வியாபாரம் நன்மை செய்ததை மறைக்கலாகாது. சங்கரதாஸ் சுவாமிகளுடைய நாடகங்களைப் பாடி நடித்த பரம்பரையிலே வந்த எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1926 அளவில் ஜோடி சேர்ந்தது நம்முடைய கொழும்பு மேடையிலேதான். கிட்டப்பா 1933 டிசம்பரில், இருபத்தேழாம் வயதிலேயே காலமாகிவிட்டார். திரைப்படம் எதிலும் தோன்றியவரல்லர். ஒலிபெருக்கியில்லாத கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டிய அந்தச் சாரீரத்தைப் பற்றி நம் பாட்டன்மார் சொன்னது புகழ்ச்சியா, உண்மையா என்று நாமே கேட்டுத் தீர்மானிக்க முடிவதற்கு, அவர் கொடுத்துப் போன சில இசைத்தட்டுகளே சாட்சி. முழு நாடகங்களையே பல தட்டுகளாகப் பிரித்து ‘டிராமா செட்’ என்ற பெயரில் கம்பெனிகள் விற்ற காலமும் ஒன்று இருந்தது.

ஆனால் இலாபம் உள்ள இடத்துக்கு மாத்திரம் போவது வியாபாரத்தின் சுபாவம். புளியங்குளத்துக்கும் நெடுங்கேணிக்கும் முல்லைத்தீவுக்கும் இடையிலுள்ள காட்டுக் கிராமங்களில் விடிய விடிய ஆடப்பட்ட கோவலன் கூத்தையும் காத்தவராயன் கூத்தையும் தட்டிலே அடித்து விற்றால் முதல் தேறும் என்று எந்தக் கம்பெனி எண்ணியிருக்கப்போகிறது? வியாபாரி வராத இடத்துக்குச் சில வேளை பண்டிதன் வருவான். 1907, 1908 ஆம் ஆண்டுகளில் செலிக்மன் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர் இதே இலங்கையின் வேடர்களுடைய பாடல்களை மெழுகு உருளைகளிலே பதிந்துகொண்டு போனார்; அவை லண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. விற்பனைக்கும் உதவாமல், ஆராய்ச்சிக்காரரின் ஆதிவாசிக் குதூகலத்துக்கும் அகப்படாமல், நடுவிலே விடுபட்டுப் போனது வன்னி.

இந்த இழப்பின் தன்மையைச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். காத்தவராயன் கூத்து ஏறக்குறைய முழுவதும் பாட்டாகவே நடக்கும் நாடகம். ஒபெரா என்பதற்கு நம்மிடத்தில் உவமை தேடுகிறவர் வெகுதூரம் போகவேண்டியதில்லை. கூத்தைப் பழக்குகின்ற அண்ணாவியாரிடத்திலுள்ள கொப்பியிலே பாடலின் சொல் இருக்கிறது. எந்த இடத்தில் நீட்டுவது, எந்தச் சொல்லைப் பிற்பாட்டுக்காரர் ஏந்திக்கொள்வது, தாய் மகனைத் தடுக்கும் இடத்தில் மெட்டு எப்படி இறங்குவது என்பவை கொப்பியில் இல்லை. அவை அண்ணாவியாருடைய தொண்டையிலேயே இருக்கின்றன. 1997 இல் கண்டி வீதியைத் திறப்பதற்கென்று தொடங்கிய ஜெயசிக்குறு யுத்தத்தில் மாதக்கணக்காகக் குண்டுபட்டுக் கிடந்த புளியங்குளத்திலும், 2009 வரையில் இடப்பெயர்வுக்குமேல் இடப்பெயர்வு கண்ட கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களிலும், காணி உறுதியையும் அடையாள அட்டையையும் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு ஓடிய குடும்பங்கள் வீட்டிலிருந்த கசற்றுகளையும் சுமந்து திரிந்திருக்க வேண்டுமென்று யார் எதிர்பார்க்கலாம்? கொப்பிகள் சில தப்பின. குரல்கள் எத்தனை தப்பின?

தப்பி வந்தவர்கள் மறுபடியும் ஆடுகிறார்கள் என்பது நம் நாட்டின் பாக்கியம். இப்போது அம்மன் கோயில் வெளியில் கூத்து நடந்தால், உடுக்கும் ஆர்மோனியமும் தொடங்குகிற கணத்திலேயே முன்வரிசையிலிருந்து பின்வரிசைவரையில் கைத்தொலைபேசிகள் உயர்ந்துவிடுகின்றன. மகன் ஆடுவதைத் தாய் எடுக்கிறாள், பேரன் எடுத்ததைக் கனடாவிலிருக்கும் சிற்றப்பா மறுநாட் காலையில் பார்த்துவிடுகிறார். இவ்வளவு பதிவு எந்தக் காலத்திலும் நடந்ததில்லை. ஆயினும் ஒரு வருஷம் கழித்து, அந்தக் கூத்தின் அண்ணாவியார் யார், பிற்பாட்டுப் பாடியவர் எவர், அது எந்தக் கோயிலில், எந்தப் பொங்கலுக்கு ஆடியது என்று அந்தப் பதிவிடத்தில் கேட்டால் விடையில்லை. கோவையின் பெயர் வெறும் இலக்கத் தொடர். பகிர்ந்தவர் எழுதியது ‘சூப்பர்’ என்ற ஒரு சொல். தொலைபேசி பழுதானால் அதுவும் போயிற்று. மெழுகு விலையுயர்ந்ததாக இருந்த காலத்திலே ஒவ்வொரு தட்டுக்கும் கணக்கு இருந்தது. பதிவுக்குச் செலவே இல்லாத காலத்தில் ஒன்றுக்கும் கணக்கில்லை.

ஒலித்தரம் போதாத பதிவை வைத்து என்ன பிரயோஜனம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு நியூயோர்க் நகரத்து மெட்ரோபொலிட்டன் ஒபெரா அரங்கின் நூலகராயிருந்த லயனல் மேபிள்சனைக் காட்டுவேன். அவர் 1900 அளவில் வீட்டு உபயோகத்துக்கென்று விற்கப்பட்ட ஒரு போனோகிராப் யந்திரத்தை வாங்கி, அடுத்த சில வருஷங்கள் நடந்த நாடகங்களை, முதலில் மேடையடியிலுள்ள சொல்லிக்கொடுப்பவர் குழியிலிருந்தும், பிறகு மேடைக்கு மேலேயுள்ள பரணிலிருந்தும் இரண்டிரண்டு நிமிஷத் துண்டுகளாக மெழுகு உருளைகளில் பிடித்தார். இரைச்சலுக்கு நடுவே தூரத்தில் யாரோ பாடுவதுபோலவே அவை கேட்கும். எனினும் ஒபெரா வரலாற்றிலே மிகப் பெரிய பாடகர்களுள் ஒருவராக எண்ணப்படும் ஜான் டி ரெஷ்கே என்பவருடைய குரல் இன்று மிஞ்சியிருப்பது அந்த உருளைகளில் மாத்திரந்தான். சம்பளத்துக்குச் செய்த வேலையன்று, விற்பனைக்கும் செய்ததன்று. ஆனால் இன்ன நாடகம், இன்ன இரவு, பாடினவர் இன்னார் என்பது தெரிந்திருந்தபடியால், அந்த இரைச்சல் பொக்கிஷமாயிற்று.

வேறோர் ஆட்சேபணையை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. கூத்து வாயால் சொல்லி வாயால் வளர்வது, ஒரு வருஷத்துப் பாட்டை அழியாதபடி நிறுத்திவிட்டால் அடுத்த தலைமுறை அதையே பிரமாணமாக வைத்துக்கொண்டு தன் கற்பனையை இழந்துவிடும் என்று பழைய அண்ணாவிமார் சிலர் கருதுகிறார்கள். நேர்த்திக்கு ஆடுவதை வேடிக்கைப் பொருளாக்கலாமா என்பதும், தம் பாட்டைக்கொண்டு வேறு யாராவது காசு பார்த்துவிடுவார்களோ என்பதும் அவர்களுடைய மற்ற அச்சங்கள். இவற்றில் நியாயம் உண்டு. மூன்று நிமிஷத் தட்டுக்காக நீண்ட பாட்டைச் சுருக்கிச் சுருக்கிப் பாடப் பழகியதனால் சங்கீதமே ஓரளவு மாறிப்போனதை உலகம் கண்டிருக்கிறது. ஆகையால் நம்முடைய பதிவு துண்டாக இல்லாமல் முழு இரவையும் கொள்ளவேண்டும்; ஓர் ஊருடையதோடு நில்லாமல் பல ஊர்களுடைய ஆட்டத்தையும் வேறுபாடுகளோடு சேர்க்கவேண்டும்; அண்ணாவியாருடைய சம்மதத்தை முதலில் பெற்று, யார் கேட்கலாம், யார் கேட்கலாகாது என்பதையும் அவர் சொன்னபடியே எழுதிவைக்கவேண்டும். பத்து ஊர்ப் பாட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது எதுவும் ஒன்றே பிரமாணமாகிவிடாது.

செய்யவேண்டியது பெரிய காரியமன்று. ஒவ்வொரு பிரதேச சபை நூலகத்திலும் ஒரு பேரேடு திறக்கவேண்டும்: கூத்தின் பெயர், கோயில், திகதி, அண்ணாவியார், பாத்திரமும் ஆடியவரும், வாத்தியக்காரரும் பிற்பாட்டுக்காரரும், பதிந்தவர், சம்மத விபரம், பதிவின் இலக்கம். கூத்துத் தொடங்குமுன் அண்ணாவியாரோ கோயில் தர்மகர்த்தாவோ கௌஹர் ஜான் செய்ததுபோலத் தம் பெயரையும் ஊரையும் திகதியையும் வாயாலேயே சொல்லிவிட்டால், பேரேடு தொலைந்தாலும் பதிவு அநாதையாகாது. வயது முதிர்ந்த அண்ணாவிமாரை ஆட்டத்தின் சந்தடியில்லாத வேறொரு நாளில் இருத்தி, மெட்டு மெட்டாகப் பாடுவித்து விளக்கமும் கேட்டுப் பதிவது இதற்கும் முந்திய வேலை. பட்டி அம்மையாரை முதுமையிலும் வீடு தேடிப் போனவர்கள் இதற்கு வழிகாட்டிகள்.

பதிவின் பிரதி இரண்டு இடங்களிலாவது இருக்கவேண்டும் என்பதை, 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை. 2005 முதல் ஈழத்து எழுத்துக்களை மின்னூலாக்கிவரும் நூலகம் நிறுவனம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இசையும் நடனமும் கற்பிக்கும் நுண்கலைப் பகுதி இருக்கிறது. 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் நமக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கிறது. வன்னிப் பிரதேச செயலகங்களின் கலாசார உத்தியோகத்தர்கள் விழாக்களுக்கும் கலைஞர் கௌரவிப்புக்கும் பணம் ஒதுக்கும்போது, பொன்னாடையோடு இந்தப் பேரேட்டையும் ஒரு நிபந்தனையாக்கட்டும்: பட்டம் பெறும் ஒவ்வொரு கலைஞருடைய குரலும் பெயரோடு பதிவாகி இரண்டு இடங்களிற் சேர்ந்த பின்னரே மேடையில் மாலை விழவேண்டும். கோயில் திருவிழாக்களின் அடுத்த பருவம் தொடங்குமுன் ஒரு நூலகமாவது தன் பேரேட்டின் முதல் வரியை எழுதிவிட்டால், மற்றவை அதைப் பார்த்துச் செய்துகொள்ளும்.