பெட்டி கட்டும் முன் வீட்டைக் கையில் கொடுங்கள்

சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஓர் அரிசி மண்டி இருக்கிறது. ஜூலையிலும் டிசம்பரிலும் அந்தத் தராசில் மூட்டைகளுக்கு நடுவே சூட்கேஸும் ஏறும். விமானத்தில் பெட்டி ஒன்றுக்கு 23 கிலோ. போன டிசம்பரில் அமெரிக்காவுக்குப் படிக்கக் கிளம்பிய எதிர்வீட்டுப் பையனின் பெட்டி 26 காட்டியது. அவன் அம்மா மண்டி வாசலிலேயே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். ஆவக்காய் பாட்டில் ஒன்று வெளியே வந்தது. இரண்டு ஸ்வெட்டர் வெளியே வந்தன. மிக்சி மட்டும் அசையவில்லை.

"மிக்சி எதுக்கும்மா?" என்றேன்.

"சட்னி இல்லாம அவனுக்கு இறங்காது மேடம். இதுவரைக்கும் அரைச்சதில்லை. அங்க போய்க் கத்துக்குவான்."

அந்த மிக்சி அமெரிக்காவில் சரியாக ஓடாது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120. கடையில் வாங்கும் அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. போன் சார்ஜரின் முதுகில் 100-240 என்று அச்சடித்திருக்கும், அதனால் அது எந்த நாட்டிலும் வேலை செய்யும். மிக்சியில் அப்படி இருக்காது. மிக்சியை எடுத்துவிட்டு ஸ்வெட்டர்களைத் திரும்ப வைத்தோம். ஆனால் "அங்க போய்க் கத்துக்குவான்" என்ற அந்த வார்த்தை இன்னும் என் மனதை உறுத்துகிறது.

31 வருடம் வங்கியில் வேலை பார்த்தேன். கடைசிச் சில வருடங்கள் சித்தூரிலும் திருப்பதியிலும் கல்விக் கடன் மேசை என்னுடையது. கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஜாமீன் வேண்டும். வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்று, பல்கலைக்கழகக் கடிதம் என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அப்பாக்கள் ஒரு வருடம் அலைவார்கள். கோச்சிங் திருப்பதியில், விசா நேர்காணல் சென்னையிலோ ஹைதராபாத்திலோ. காகிதம் ஒன்று குறைந்தாலும் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பிள்ளை அங்கே சோறு வடிப்பானா, காய்ச்சல் வந்தால் எங்கே போவான் என்று ஒரு அப்பாவிடமும் நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் ஊருக்குக் கடல் கடந்த படிப்பு புதிதல்ல. இன்று சித்தூரோடு சேர்ந்துவிட்ட கட்டமஞ்சியின் ராமலிங்க ரெட்டி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கேம்பிரிட்ஜில் படித்தார். 1926-ல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். அதே கேம்பிரிட்ஜுக்கு 1914-ல் போன ராமானுஜனின் கதையைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். கப்பல் ஏறும் முன் அவருக்குக் குடுமி எடுத்தார்கள், முள்கரண்டி பிடிக்கப் பழக்கினார்கள், கோட்டு தைத்துக் கொடுத்தார்கள். அங்கே இரவெல்லாம் குளிரில் நடுங்கினார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தார். பார்க்க வந்த நண்பர் மகலனோபிஸ்தான் கண்டுபிடித்தார்: கம்பளிகள் கட்டிலிலேயே இருந்தன, ஓரங்கள் மெத்தைக்கு அடியில் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

இன்றும் பிள்ளைகள் கேட்பதில்லை. கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்கள் என்ற கூச்சம். என் தங்கை மகள் ஜெர்மனியில் ஆகன் நகரில் படிக்கிறாள், கெட்டிக்காரப் பெண். மாதம் 992 யூரோ வீதம் ஒரு வருடத்துக்கு 11,904 யூரோவை, மாதாமாதம் மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் போட்டு அனுப்பினோம். அங்கே வீட்டுக்கு வீடு வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் உண்டு, மாதம் 18.36 யூரோ. வீட்டில் டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். வீட்டு முகவரியைப் பதிவு செய்ததும் கடிதம் வந்தது. ஜெர்மன் மொழியில் இருந்ததால் விளம்பரம் என்று நினைத்து மேசை டிராயரில் போட்டுவிட்டாள். அடுத்ததும் அங்கேயே போனது. மாதக்கணக்கில் சேர்ந்த பாக்கியும் அபராதமும் ஒன்றாக வந்தபோதுதான் எனக்கு அழுதுகொண்டே போன் செய்தாள். நம் பிள்ளைகளுக்குத் தபால் என்றால் என்னவென்றே தெரியாது. அங்கே வங்கி, காப்பீடு, அரசு அலுவலகம் எல்லாம் இன்னும் கடிதத்தில்தான் பேசுகின்றன. பக்கத்து அறைப் பெண்ணிடம் அந்த உறையை ஒரு தடவை காட்டியிருந்தால் முதல் மாதத்திலேயே முடிந்திருக்கும்.

ஆகவே என் யோசனை இது. விசா வந்த பிறகு பெட்டி வாங்கக் கிளம்பாதீர்கள். புறப்படும் முன் மூன்று மாதம் வீட்டையே பிள்ளையின் கையில் கொடுங்கள். காய்கறி வாங்குவது, சமைப்பது, கேஸ் பதிவு செய்வது, கரண்ட் பில் கட்டுவது, பாட்டியை டாக்டரிடம் கூட்டிப் போவது எல்லாம் அவன் பொறுப்பு. அம்மா சமையலறைக்குள் வரக் கூடாது. சோறு குழைந்தால் குழைந்த சோறுதான் எல்லோருக்கும்.

சாம்பார் பக்குவமெல்லாம் பிறகு வரட்டும். சோறு, பருப்பு, முட்டை, ஒரு பொரியல், இவை போதும். அதைவிட முக்கியம், சமைத்த பாத்திரத்தை அன்றிரவே கழுவுவது. கழிப்பறை கழுவுவது. நான்கு பேர் சேர்ந்து இருக்கும் வீடுகளில் சண்டை வருவது சிங்க்கில் கிடக்கும் பாத்திரத்தாலும் நாறும் குளியலறையாலும்தான். பெண் பிள்ளைகளுக்கு இதில் பாதியாவது வீட்டில் பழக்கிவிடுகிறோம். ஆண் பிள்ளைக்கு எதையும் பழக்காமல், தட்டைக்கூட எடுக்க விடாமல் வளர்த்து, அதைப் பாசம் என்கிறோம். அது பாசமில்லை, அவனுக்குச் செய்யும் துரோகம்.

தாளிப்பதையும் நிதானமாகக் கற்றுக்கொடுங்கள். அங்கே கூரையில் புகை காட்டும் கருவி இருக்கும். மிளகாய் கருகினால் அலறும். பெரிய குடியிருப்பாக இருந்தால் ஒரு கட்டடமே பனியில் இறங்கி நிற்க வேண்டிவரும். அலுமினியக் குக்கர் பல இண்டக்‌ஷன் அடுப்புகளில் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கறிவேப்பிலையைப் பொட்டலம் கட்டாதீர்கள், எலுமிச்சை இனப் பயிர்களின் நோய்க்கு அஞ்சி அமெரிக்கா அதை உள்ளே விடுவதில்லை.

திருப்பதிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விசா கிடைத்தால் முடி காணிக்கை என்று வேண்டிக்கொள்ளாத வீடு இங்கே குறைவு. தாராளமாகச் செலுத்துங்கள், விசா வந்த வாரமே செலுத்துங்கள். புறப்படும் வாரம் வரை தள்ளிப் போட்டு, மொட்டைத் தலையோடு ஜனவரிச் சிகாகோவில் பிள்ளையை இறக்காதீர்கள்.

உடம்பு விஷயத்தில் இரண்டே இரண்டு சொல்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர் தடுப்பூசி இரண்டு டோஸ் போட்ட சான்று கேட்பார்கள். குழந்தையாக இருந்தபோது போட்ட அட்டை எந்த வீட்டிலும் கிடைப்பதில்லை. இரண்டு டோஸுக்கு நடுவே நான்கு வாரமாவது இடைவெளி வேண்டும், கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. இன்னொன்று பல். மாணவர் காப்பீட்டில் பல் சிகிச்சை பெரும்பாலும் சேராது. சொத்தைப் பல்லை இங்கேயே பார்த்துவிடுங்கள்.

இனி பணம். இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்வேன்.

பிள்ளைகளுக்கு டாலரை ரூபாயாக மாற்றிச் சொன்னால் மனதில் ஏறுவதில்லை. நான் மாங்காயில் சொல்கிறேன். 2025 சீசனில் எங்கள் மாவட்டத்துத் தோதாபுரிக்குக் கிலோ 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. மாம்பழக் கூழ் ஆலை 8 ரூபாய் கொடுக்க வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என்பது ஏற்பாடு. ஆலை வாசலில் டிராக்டர்கள் நாள்கணக்கில் நின்றன. கல்லூரி வளாகத்தில் ஒரு காபி 5 டாலர் என்றால் அது 30 கிலோ மாங்காய்க்கும் மேல். தோப்பில் வளர்ந்த பிள்ளைக்கு அது உடனே புரிகிறது. காபி குடிக்காதே என்று சொல்லவில்லை. கணக்கு தெரிந்து குடிக்கட்டும்.

அதைவிடப் பெரியது, கடனைப் பற்றி வீட்டில் உண்மையைப் பேசுவது. படிக்கும் காலத்தில் தவணை இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறுகிறது. நான் அனுப்பிய வட்டி நோட்டீஸைப் போட்டோ எடுத்து, தேர்வு வாரத்தில் மகனுக்கு அனுப்பிய அப்பாவை எனக்குத் தெரியும். அந்தப் பையன் பெட்ரோல் பங்கில் கையில் காசு வாங்கும் இரவு வேலைக்குப் போனான். அமெரிக்க மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வெளியே அப்படி வேலை பார்த்துப் பிடிபட்டால் படிப்பும் போகும், விசாவும் போகும், கடன் மட்டும் நிற்கும். அவன் அப்பாவிடம் "நல்லா இருக்கேன்" என்றான், அப்பா அவனிடம் "இங்க ஒண்ணும் கஷ்டமில்லை" என்றார். இரண்டும் பொய். கடன் எவ்வளவு, மாத வட்டி எவ்வளவு, அதை யார் கட்டுவது, எது நடந்தால் திரும்பி வந்துவிடலாம் என்பதைப் புறப்படும் முன் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்.

பணநெருக்கடியில் இருக்கும் பிள்ளைதான் குறுக்கு வழி காட்டுபவனை நம்புகிறது. 2019 ஜனவரியில் மிச்சிகனில் ஃபார்மிங்டன் என்ற பெயரில் அமெரிக்கக் குடியேற்றத் துறையே வைத்திருந்த பொய்ப் பல்கலைக்கழகம் வெளிச்சத்துக்கு வந்தபோது, முதலில் கைதான 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர். தெலுங்குப் பிள்ளைகள் பலர். வகுப்பே இல்லாத இடத்தில் சேர்ந்தது அவர்களுடைய தவறுதான். ஆனால் வகுப்பு இல்லை என்று தெரிந்த நாளில் மனம் விட்டுப் பேச வீட்டில் ஒருவர் இருந்திருந்தால், சிலராவது தப்பியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

திருப்பதி, சித்தூர்க் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கடைசி செமஸ்டரில் இரண்டு நாள் ஒதுக்குங்கள். வாடகை ஒப்பந்தம் படிப்பது, காப்பீட்டு அட்டையைப் பயன்படுத்துவது, அமெரிக்காவில் 911, ஐரோப்பாவில் 112 என்று அவசர எண்களை மனப்பாடம் செய்வது, இவற்றைச் சொல்லிக்கொடுக்க, விடுமுறைக்கு வரும் உங்கள் பழைய மாணவர்களே போதும். காசு கேட்க மாட்டார்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜனவரியில் புறப்படும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், நாளைக் காலை அடுப்பை அவனிடம் விட்டுவிட்டு வெளித் திண்ணையில் போய் உட்காருங்கள்.