குடையும் தூரதிருஷ்டிக் கண்ணாடியும்

மார்கழிக் கடைசியில் மழை பெய்யாது என்று நமக்கு வாக்குறுதி அளித்தவர் நம் நண்பர் ஒருவர். கைபேசியில் மேகப் படம் பார்த்துப் பலன் சொல்ல வல்லவர். அவரை நம்பிக் குடையை வீட்டில் வைத்துவிட்டு, தூரதிருஷ்டிக் கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு, குழந்தை குட்டிகளுடன் மோட்டாரில் வேடந்தாங்கலுக்குப் புறப்பட்டோம். செங்கற்பட்டைத் தாண்டும் வரையில் வானம் நண்பருடைய கட்சியில்தான் இருந்தது. படாளத்தில் பெருஞ்சாலையை விட்டுத் திரும்பியதும் கட்சி மாறிவிட்டது!

ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது சரியான மழை. "திரும்பிவிடலாமே" என்ற தீர்மானம் வண்டிக்குள் பெரும்பான்மை பெற்றுவிட்டது. நல்ல வேளை, அதை நிறைவேற்றுவதற்குள் மழை சற்று ஓய்ந்தது.

கரைமேல் ஏறினோம். ஏறியவர்கள் வாய் திறக்கவில்லை. தண்ணீரில் நின்ற மரங்களெல்லாம் பட்சி மயம். நீர்க்காகம், வக்கா, அரிவாள்மூக்கன், கூழைக்கடா எல்லாம் ஒரே மரத்தில் மாடி மாடியாகக் குடித்தனம். நமக்கு எதிரே ஒரு நத்தைக்குத்தி நாரை, சொட்டச் சொட்ட நனைந்து, சிறகைப் பாதி விரித்துக் குஞ்சுகளின்மேல் கவிந்து நின்றது. பெரிய நாரையின் அலகு நடுவில் மூடாது. பாக்குவெட்டி போல் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடிப்பதற்கு வாகான அமைப்பு அது. குஞ்சுக்கோ அந்த இடைவெளி கிடையாது. வளர்ந்த பிறகுதான் உண்டாகிறது. குடையின்றி வந்த நாம் அந்தத் தாயைப் பார்த்து வெட்கப்பட்டோம் என்பதை மறைப்பானேன்?

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பட்சிகளைச் சுடத் தொடங்கினார்கள். ஊரார் சும்மா இருக்கவில்லை, கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ், பட்சிகளை யாரும் சுடக்கூடாதென்று அவர்களுக்குக் கௌல் எழுதிக் கொடுத்தார். 1858-ல் மீண்டும் கேட்டு அதைப் புதுப்பித்துக் கொண்டார்கள். பட்சிகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஜீவகாருண்யத்தில் கொஞ்சம் கணக்கும் கலந்திருந்தது, கலந்தால்தான் என்ன? ராம்ஸார் உடன்படிக்கையின் சர்வதேசப் பட்டியலில் இந்த ஏரி இடம் பெற்றது 2022-ல். ஊரார் அதற்கு 224 வருஷம் முன்னாலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஏரியை நிரப்பாவிட்டால் பட்சிகள் இங்கே கூடு கட்டுவதில்லை. ஆகவே, "நல்ல மழை!" என்று பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவரிடம் உற்சாகமாகச் சொன்னோம்.

"அது ஐப்பசி மழைங்க, ஐயா. இது அறுப்புக்கு வந்த மழை" என்றார் அவர்.

அவர் கை காட்டிய பக்கம் பார்த்தோம். கதிர் முற்றிய நெல் பாய் விரித்தாற்போல் தண்ணீரில் படுத்துக் கிடந்தது. அவருடைய வயல்தான். நம் உற்சாகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நான்கைந்து நாரைகள் அந்த வயலிலேயே இறங்கி, சாய்ந்த பயிருக்கிடையில் நத்தை தேடிக் கொண்டிருந்தன. நம் வீட்டுச் சிறுவன் கையைத் தட்டி ஓட்டப் போனான்.

"வேணாம், தம்பி. அதுங்களுக்குக் கூட்டுல புள்ளைங்க இருக்குது" என்றார் பெரியவர்.

மறுபடியும் தூறல் பிடித்துக் கொண்டது. அவர் தம் தலையில் போட்டிருந்த கோணிப்பையை எடுத்துச் சிறுவன் தலையில் போட்டுவிட்டு வரப்பில் இறங்கி நடந்தார்.